யாழ்ப்பாணத்துக்கு வேலை மாற்றமா? வீட்டைப் பார்க்கும் முன் வீதியைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் என்று கடிதம் வந்தவுடன் பெரும்பாலானவர்கள் தெரிந்த ஆட்களுக்குப் போன் எடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "நல்லூர்ப் பக்கம் வீடு ஏதும் இருக்கா?" வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு யாழ்ப்பாணம் என்றால் நல்லூர். கோவிலும் தெரியும், ஐஸ்கிரீம் கடையும் தெரியும், சரி, அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றும். நல்லூரில் இருப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வேலை தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலோ ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்திலோ என்றால் நல்லூரில் வீடெடுத்து என்ன பயன்?

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. கொழும்பு, மட்டக்களப்பு, ஹட்டன், வவுனியா என்று பல இடங்களில் இருந்து வந்தவர்களோடு ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாடகை வீடு தேடுகிறவர்களுக்கான கட்டுரை இது. காணி வாங்குவது வேறு கதை. அதில் தேசவழமைச் சட்டம் (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்), காணியின் கூட்டுச் சொந்தக்காரருக்கும் விற்பவரின் வாரிசுகளுக்கும் மற்றவர்களுக்கு முந்தி வாங்க உள்ள முன்வாங்கல் உரிமை என்று ஏகப்பட்ட முடிச்சு இருக்கிறது. அதற்கு நல்ல சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள்.

முதலில் வீதி, பிறகுதான் ஊர்

யாழ் நகரத்தில் இருந்து பெரிய வீதிகள் விரித்த கைவிரல்கள் மாதிரி வெளியே போகின்றன. காங்கேசன்துறை வீதி வடக்கே கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று போகிறது. அதற்குக் கிழக்கே பலாலி வீதி. அதில் கந்தர்மடம், திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன். அதற்கும் கிழக்கே பருத்தித்துறை வீதி நல்லூர், கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி என்று போய், வல்லை வெளியைத் தாண்டி நெல்லியடியில் ஏறுகிறது. கண்டி வீதியில் சுண்டுக்குளி, அரியாலை, நாவற்குழி, கைதடி, சாவகச்சேரி. மானிப்பாய் வீதியில் ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய். மேற்கே பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் தீவகம்.

இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸும் தனியார் மினிபஸ்ஸும் பெரும்பாலும் இந்த வீதிகளை நம்பித்தான் ஓடுகின்றன. ஒரு வீதியில் இருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் அநேகமாக நகரத்துக்கு வந்து, பஸ் மாறி, திரும்பவும் வெளியே போகவேண்டி வரும். வரைபடத்தில் நாலு கிலோமீற்றர் என்று காட்டுகிற தூரத்துக்கு இரண்டு பஸ். சொந்த மோட்டர் சைக்கிள் இருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும், குறுக்கு வீதிகள் தாராளமாக இருக்கின்றன. ஆனாலும் மழைக்காலத்தில் அந்தக் குறுக்கு வீதிகளின் குழிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே என்னுடைய முதல் விதி: வேலை எந்த வீதியில் இருக்கிறதோ, வீட்டையும் அந்த வீதியை ஒட்டியே தேடுங்கள். ஊர்ப் பெயர் பிறகு தானாக வரும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் பிசகுகிற இடம் இதுதான்.

போதனா வைத்தியசாலை, வங்கிகள், தனியார் அலுவலகங்கள் என்று நகரத்துக்குள் வேலை என்றால் எந்த வீதியும் சரிவரும். ஆனால் இரவு வேலை உள்ள தாதியர், வைத்தியர்கள் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் இருப்பது நல்லது. வண்ணார்பண்ணை, கந்தர்மடம், சுண்டுக்குளி, நல்லூர் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வரும். கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) ஆளுநர் செயலகமும் கண்டி வீதிப் பக்கம், சுண்டுக்குளியில். அங்கே வேலை என்றால் அரியாலையில் தேடிப் பாருங்கள்.

மாகாண சபைப் பக்கம் நியமனம் கிடைத்தவர்கள் அலுவலகம் எங்கே என்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். மாகாண அலுவலகங்கள் சில கைதடியில் இருக்கின்றன. கைதடிக்குக் கண்டி வீதியால் போகலாம். கோப்பாயில் இருந்து கடல்நீரேரியைக் கடந்து நேரே கைதடிக்குப் போகிற வீதியும் உண்டு. அதனால் கைதடியில் வேலை செய்கிறவர்களுக்குக் கோப்பாய், இருபாலை, உரும்பிராய் எல்லாம் நகரத்தைவிட வசதி. நகர நெரிசலுக்குள் நுழையாமலே காலையில் வேலைக்குப் போய்விடலாம்.

பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நியமனக் கடிதத்தில் "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்" என்று இருப்பதை மட்டும் பார்த்துத் திருநெல்வேலியில் வீடு எடுத்துவிடாதீர்கள். பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. அது யாழ்ப்பாணத்தில் இருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்தில் இருந்தே போய்வருகிற விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள்தான். அப்படியென்றால் கண்டி வீதியை ஒட்டி, அரியாலையிலோ சாவகச்சேரியிலோ இருந்தால் தினமும் மிச்சமாகும் நேரத்தில் ஒரு நித்திரையே கொள்ளலாம்.

பலாலி விமான நிலையத்திலோ அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையிலோ வேலை என்றால் உரும்பிராய், நீர்வேலி, அச்சுவேலி. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை என்றால் சுன்னாகம், மல்லாகம். வடமராட்சியில், அதாவது குடாநாட்டின் வடகிழக்குப் பக்கம், வேலை என்றால் நகரத்தில் இருந்து ஓடித் திரியாமல் நெல்லியடிக்கே போய்விடுங்கள். சந்தை, வங்கி, கடைகள் எல்லாம் அங்கேயே உண்டு, மந்திகை ஆஸ்பத்திரியும் பக்கம். வல்லை வெளியில் வீடும் இல்லை, மரமும் இல்லை. மழை இரவில் அந்தக் காற்றுக்குள் மோட்டர் சைக்கிள் ஓடியவர்களுக்கு நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று விளங்கும்.

தீவகத்துப் பாடசாலைகளுக்கு வரும் ஆசிரியர்கள் வேலணை, ஊர்காவற்றுறை வரை நகரத்தில் இருந்து போய்வரலாம். நகரத்தின் மேற்குப் பக்கம், கொட்டடி, வண்ணார்பண்ணையில் வீடு எடுத்தால் பண்ணைப் பாலம் கைக்கெட்டும் தூரம். நெடுந்தீவு என்றால் கதையே வேறு. குறிகாட்டுவானில் இருந்து படகு. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. கிழமை நாட்களில் தீவிலேயே தங்குவதற்கு ஆயத்தமாக வாருங்கள்.

"ரயில் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் திரும்ப ஓடத் தொடங்கியது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று நிலையங்களும் உண்டு. ஆனால் அந்த ரயில்களின் நேரம் கொழும்புப் பயணத்தை வைத்துப் போடப்பட்டது. அலுவலகம் போய்வர அதை நம்பி வீடு எடுக்க வேண்டாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு என்றால், நீங்கள் கடக்கும் கடவையில் கேற் இருக்கிறதா, காவலாளி இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் இது முக்கியம்.

தண்ணியைக் குடித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்

கொழும்பில் இருந்து வருகிறவர்கள் குளியலறை ஓடு என்ன நிறம் என்று பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தார் நேரே கிணற்றடிக்குப் போவார்கள். இங்கே ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீருக்கு மேல் நல்ல தண்ணியாக நிற்கும். அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே வரும். கடலுக்கும் கடல்நீரேரிக்கும் பக்கத்து ஊர்களில் பல கிணறுகள் எப்போதுமே சவர். குருநகர், பாசையூர், நாவாந்துறை, கொழும்புத்துறை, அரியாலையின் கிழக்குப் பக்கம் ஆகிய இடங்களில் வீடு பார்த்தால் இதை மனதில் வையுங்கள். குளிக்க, கழுவ ஒரு தண்ணி, குடிக்க வேறு தண்ணி என்று வாழப் பழக வேண்டியிருக்கும்.

மாநகர சபையின் குழாய்த் தண்ணிக்கு நெடுங்காலமாக மூலம் திருநெல்வேலி, கோண்டாவில் கிணறுகள்தான். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் எவ்வளவு நல்லது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். 2024 ஓகஸ்டில் தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. ஆனால் உங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வந்திருக்கிறதா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி. வீட்டுக்காரரிடம், இணைப்பு இருக்கா, எத்தனை மணிக்கு வரும், பில் யாருடைய பெயரில் என்று மூன்றையும் கேளுங்கள்.

தண்ணி இனிப்பாக இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். செம்மண் பூமியான கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய், இணுவில், சுன்னாகம் பக்கங்களில் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் செய்கிறார்கள். அங்கே போடும் பசளை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் கிணற்றுக்குள் இறங்கும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு. வாயில் வைத்தால் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை வீட்டில் இருந்தால், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் தண்ணியைப் பரிசோதித்துவிட்டுத்தான் குடியேறுங்கள். ஒரு போத்தல் தண்ணியும் கொஞ்சக் காசும்தான் செலவு.

சுன்னாகம் என்றதும் "எண்ணெய்த் தண்ணி" என்று யாராவது சொல்வார்கள். அது கட்டுக்கதை இல்லை. அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்ததாக எழுந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அதற்காகச் சுன்னாகத்தை ஒதுக்கிவிட வேண்டாம், அருமையான ஊர், சந்தையும் பெரியது. பார்க்கும் வீட்டின் கிணற்றைப் பற்றி அயலில் இரண்டு வீட்டிலாவது விசாரியுங்கள். வீட்டுக்காரரை விட அயலவர் உண்மை சொல்வார்.

இனிக் கிணற்றைப் பார்க்கும் முறை. துலா, கப்பி எல்லாம் இப்போது குறைவு, மோட்டர்தான். ஆனாலும் ஒரு வாளி போட்டு அள்ளித் தரச் சொல்லுங்கள், தாங்கியில் இருந்து வருவதை அல்ல. சவர்க்காரத்தைக் கையில் தேயுங்கள், நுரை வருகிறதா பாருங்கள். ஒரு வாய் குடியுங்கள். பிறகு குசினிக்குள் போய்க் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருப்பது இங்கே எல்லா வீட்டிலும் சகஜம். ஆனால் தட்டினால் ஓடு ஓடாக உதிர்கிற அளவில் இருந்தால் குடிதண்ணிக்கு வேறு ஏற்பாடு வேண்டும். கடைசியாக மலகூடக் குழி எங்கே என்று கேட்டு, கிணற்றில் இருந்து அது எவ்வளவு தள்ளி என்று எட்டு வைத்து அளந்து பாருங்கள். ஐம்பது அடி என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு பரப்பு, அதாவது இருபது பேர்ச், காணியில் வீடு, கிணறு, குழி எல்லாவற்றையும் நெருக்கிக் கட்டியிருக்கும் புதிய வளவுகளில் அந்த ஐம்பது அடி எங்கே வரும்? உங்கள் குழி தள்ளியிருந்தாலும் பக்கத்து வளவுக் குழி மதிலுக்கு அந்தப் பக்கம் உங்கள் கிணற்றோடு ஒட்டி இருக்கலாம். எட்டிப் பாருங்கள்.

ஒருமுறை கல்லூரியில் படிப்பிக்க வந்த தம்பி ஒருவரோடு கொழும்புத்துறைப் பக்கம் வீடு பார்க்கப் போனேன். தை மாதம். தண்ணி தேன் மாதிரி என்றார் வீட்டுக்கார அம்மா. உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. வெளியே வரும்போது முன்வீட்டு ஐயாவிடம் கேட்டேன்.

"தண்ணி எப்பிடி ஐயா?"

"இப்ப நல்லம் தம்பி. ஆவணியில வந்து கேளும்."

மழை முடிந்து மார்கழி, தையில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணி, புரட்டாதியில்தான் அதன் சுயரூபம் தெரியும். வெள்ளத்துக்கு இது தலைகீழ். ஆவணியில் எந்த வளவும் உலர்ந்த வளவு. அதனால் நீங்கள் எந்தக் காலத்தில் வீடு பார்க்கிறீர்களோ, அதற்கு எதிர்க் காலத்தைப் பற்றிக் கேளுங்கள்.

வெள்ளம் நிற்குமா?

ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வாடைக்கால மழை. வருடத்து மழையில் பெரும்பகுதி இந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் நேரத்தில் குடாநாட்டில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணி வந்தது. மதிலின் அடியில் பழுப்பு நிறக் கோடு இருக்கிறதா, சுவரில் புதுப் பெயின்ற் இடுப்பளவுக்கு மட்டும் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். வயலை நிரவிக் கட்டிய குடியிருப்புகளில் வீடு உயரமாக இருந்தாலும் ஒழுங்கை தாழ்வாக இருக்கும். வீட்டுக்குள் தண்ணி வராது, நீங்கள்தான் வெளியே வர முடியாது. வழுக்கியாறு போகும் சண்டிலிப்பாய், நவாலிப் பக்கம் வயலோரமாக வீடு பார்த்தால் அயலில் கட்டாயம் விசாரியுங்கள். மழை விட்டதும் நுளம்பு, அதோடு டெங்கு. வெறுமனே பூட்டிக் கிடக்கும் வளவுகளுக்கு நடுவில் உங்கள் வீடு இருந்தால் இன்னும் கவனம்.

ஊர் ஊராக என் அபிப்பிராயம்

திருநெல்வேலி, எங்கள் வாயில் திண்ணைவேலி. நல்ல சந்தை, நல்ல தண்ணி, பஸ் தட்டுப்பாடு இல்லை. ஆனால் பரமேஸ்வராச் சந்தி, கலட்டிப் பக்கமெல்லாம் பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரு குடும்பம் தரும் வாடகையை விட அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் வீட்டுக்காரருக்கு லாபம் கூட. அதனால் குடும்பத்துக்கு அங்கே நியாயமான வாடகையில் வீடு கிடைப்பது கஷ்டம். பலாலி வீதியால் இன்னும் கொஞ்சம் மேலே போய்க் கோண்டாவிலில் தேடினால் அதே தண்ணி, அதே பஸ், குறைந்த வாடகை. என்னைக் கேட்டால் புதிதாக வரும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது கோண்டாவிலும் கொக்குவில் கிழக்கும்தான்.

நல்லூர் அமைதி, பெருமை, விலை. ஆடி கடைசி, ஆவணியில் கந்தசுவாமி கோவில் திருவிழா 25 நாள் நடக்கும். அந்த நாட்களில் கோவிலைச் சுற்றிய வீதிகளை மறித்துவிடுவார்கள். உங்கள் வீடு அந்த மறிப்புக்குள் வந்தால் மோட்டர் சைக்கிளை எங்கே விடுவது என்பதுதான் தினசரிக் கவலை. பக்தர்களுக்கு அது கவலையாகவே தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரியாலையில் கண்டி வீதியை ஒட்டிய பகுதி ஒரு மாதிரி, கடல்நீரேரிப் பக்கம் வேறு மாதிரி. இரண்டுக்கும் ஒரே பெயர்தான், ஏமாறாதீர்கள். குருநகர், பாசையூரில் விடியவே கரையில் மீன் வாங்கலாம், மச்சம் இல்லாமல் சாப்பாடு இறங்காதவர்களுக்கு அதுவே போதும். மானிப்பாய் சிறிய பட்டினம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை எல்லாம் உண்டு, நகரத்துக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர். ஆனைக்கோட்டை, நவாலிப் பக்கத்தில் வீடு என்றால் கல்லுண்டாய் வெளியில் மாநகர சபை கொட்டும் குப்பை எரிகிறபோது சோளகக் காற்றோடு (தென்மேற்குக் காற்று) புகை வருகிறதா என்று விசாரியுங்கள். சாவகச்சேரியில் வளவு பெரிது, வாடகை சிறிது, மாவும் பலாவும் நிற்கும், நகர வேலைக்குத்தான் தூரம்.

கோவில் இல்லாத ஊர் இங்கே இல்லை. திருவிழா நாட்களில் விடிய ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி தொடங்கும். இரவு வேலை முடித்துப் பகலில் நித்திரை கொள்கிறவர்கள் கோவில் வீதியில் வீடு எடுக்கவே வேண்டாம்.

இருட்டின பிறகு ஒருமுறை போங்கள்

எல்லோரும் வீட்டைப் பகலில் பார்ப்பார்கள். பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு பஸ் அருகத் தொடங்கும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். எட்டு மணிக்கு அந்தச் சந்தியில் இறங்கி வீடு வரை நடந்து பாருங்கள். லைற் எரிகிறதா, நாய்கள் எத்தனை, சந்தியில் நிற்கிற பெடியங்கள் எப்படி, பெட்டிக்கடை எதுவும் திறந்திருக்கிறதா? தனியாக இருக்கப்போகும் பெண்கள், வேலை முடிந்து பிந்தி வருகிறவர்கள் இதைச் செய்யாமல் வீட்டை முடிவு செய்ய வேண்டாம். நகரத்துக்குள் செயலியில் ஓட்டோ கூப்பிடலாம். தள்ளிப் போகப் போக அது கிடைப்பது குறையும். சந்தி ஓட்டோக்கார அண்ணை ஒருவரின் நம்பரை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வதுதான் ஊர் வழக்கம்.

வீட்டுக்காரர் இங்கேயா, கனடாவிலா?

நீங்கள் பார்க்கும் வீடுகளில் பாதிக்கு மேல் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பார். வீட்டைக் காட்டுவது சித்தப்பாவோ, மருமகனோ, பக்கத்து வீட்டு மாமியோ. சொந்தக்காரருக்காகக் கையெழுத்து வைக்க அவரிடம் அற்றோணித் தத்துவப் பத்திரம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லாமல் வாங்கிய முற்பணத்துக்குப் பிறகு பொறுப்பு யார்? அடுத்தது, கோடை விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் சொந்தக்காரர் குடும்பத்தோடு வருவார். "ஒரு மாதம் மேல்மாடியில் நிற்பினம், உங்களுக்குத் தொந்தரவு இல்லை" என்பார்கள். அந்த மாதக் கரண்ட் பில், தண்ணி, குசினி எல்லாவற்றையும் முன்கூட்டியே கதைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறையைப் பூட்டித் தங்கள் சாமான் வைத்திருப்பதும் வழக்கம். வாடகை பேசும்போது அந்த அறையைக் கழித்துக் கணக்குப் பாருங்கள்.

வீடு காட்டும்போது உங்களிடமும் கேள்வி வரும். "எந்த ஊர்? யாற்ற ஆக்கள்?" இது சும்மா சுகம் விசாரிப்பதாகவும் இருக்கலாம், சாதி விசாரிப்பதாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டாவது. எனக்குப் பிடிக்காத வழக்கம், ஆனால் இல்லை என்று சொல்லி உங்களை அனுப்ப முடியாது. வேலை செய்யும் இடத்தைச் சொல்லி, அலுவலக நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனால் கேள்வி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேலும் தோண்டுகிற வீட்டில் இருந்து பயன் இல்லை, வேறு வீடு பாருங்கள். மச்சம் சமைக்கலாமா, தனி ஆணுக்குத் தருவார்களா என்பதையும் போனிலேயே கேட்டுவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

வீடு தேடும் வழி? விளம்பரத்தை விட வாய்ச்சொல் வேகமானது. ஊர்ச் சனசமூக நிலையத்தில், சந்திக் கடையில், அலுவலகத்துச் சாரதியிடம் சொல்லி வையுங்கள். தரகருக்கு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை வீட்டைப் பார்க்கும் முன்பே பேசுங்கள்.

பிள்ளைகள் இருந்தால்

முதலாம் தரத்துக்குச் சேர்க்க வேண்டிய பிள்ளை இருந்தால் இவ்வளவு நேரம் சொன்னதைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். அரச பாடசாலையில் அயலில் வசிப்போர் பிரிவில், வீட்டில் இருந்து பாடசாலைக்கு உள்ள தூரமும், வாக்காளர் இடாப்பில் பெயர் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதும், வீட்டு ஆவணமும் புள்ளியாகக் கணக்கிடப்படும். புதிதாக வந்த வாடகைக்காரருக்கு அதில் புள்ளி குறைவு. இடமாற்றம் பெற்று வரும் அரச உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, கடிதங்களைத் தயாராக வைத்திருங்கள். நகரத்தில் யாழ் இந்து, வேம்படி, மத்திய கல்லூரி, சென்ற் ஜோன்ஸ், சுண்டுக்குளி மகளிர் என்று எல்லோரும் மோதுகிறார்கள். கொக்குவில் இந்து, உடுவில் மகளிர், தெல்லிப்பழை யூனியன், மகாஜனா, சுன்னாகம் ஸ்கந்தவரோதயா போன்றவையும் பெயர் பெற்ற பள்ளிக்கூடங்கள்தான். அவற்றின் அயலில் வீடு எடுத்தால் காலையில் நகரத்துக்குள் பிள்ளையை ஏற்றிக்கொண்டு அடிபடத் தேவையில்லை. பெரிய வகுப்புப் பிள்ளை என்றால் பின்னேர ரியூசன் எங்கே நடக்கிறது என்றும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பிள்ளை வீடு திரும்பும் நேரத்தைத் தீர்மானிப்பது பள்ளிக்கூடம் இல்லை, ரியூசன்தான்.

எழுத்தில் வையுங்கள்

"நாங்கள் நம்பிக்கையில் தாறது, எழுத்து என்னத்துக்கு?" என்பார்கள். எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், எழுப்புவதற்கு எத்தனை மாத முன்னறிவித்தல், மோட்டர் பழுதானால் யார் செலவு, கிணறு இறைப்பது யார், மரத்துத் தேங்காயும் மாங்காயும் யாருக்கு என்பது வரை எழுதலாம். தேங்காய் விற்கிற விலைக்கு இது சின்ன விசயம் இல்லை. மீற்றர் தனியா பொதுவா என்று பாருங்கள். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே மீற்றர் என்றால் மோட்டரும் ஏசியும் யாருடையது என்ற சண்டை மாதக் கடைசியில் கட்டாயம் வரும்.

வந்த முதல் கிழமை

கிராம சேவையாளரிடம் போய்ப் பதிவு செய்யுங்கள். வயதானவர்கள் அவரை இன்னும் விதானையார் என்பார்கள். அலுவலக நாட்கள் எவை என்று வாசலில் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். பல காரியங்களுக்கு அவருடைய வதிவிட அத்தாட்சி கேட்பார்கள். குப்பை எடுப்பது உங்கள் வீடு எந்தச் சபைக்குள் வருகிறது என்பதைப் பொறுத்தது. நல்லூர்க் கோவிலடி யாழ் மாநகர சபை, திருநெல்வேலியும் கோண்டாவிலும் நல்லூர் பிரதேச சபை, கோப்பாய் வலிகாமம் கிழக்கு. வண்டி வரும் நாளை அயலவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டுமென்றால் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை. காஸ் சிலிண்டரை எந்தக் கடையில் மாற்றுவது, பால் கொண்டுவருகிறவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பதெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா முதல் நாளே சொல்லிவிடுவார். நீங்கள் கேட்காவிட்டாலும்.